கடல் கடந்த கணவரும் தரை கடந்த மனைவியும்

ஒரு குடும்பத்தின் முன்னோர் வரலாற்றை எடுத்துரைக்கும்போது, வீட்டை விட்டுப் புறப்பட்டவரின் கதையே முதலிடம் பெறுவது உலக வழக்கம். அவர் ஏறிய கப்பலின் பெயர், இறங்கிய துறைமுகம், பட்ட இன்னல், பெற்ற புகழ் ஆகியவற்றைப் பேரப்பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். அவர் புறப்பட்ட மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது, பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே.

இந்த வாரம் நாம் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்ய விரும்பும் குடும்பம் இவ்வகையில் ஒரு புறநடை. கணவர் பெயர் அடிசன் பிராட். மனைவி பெயர் லூயிசா. பொதுவழக்கில் மோர்மன் என்று அழைக்கப்படும் அமெரிக்கத் திருச்சபையின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். அத்திருச்சபையின் சார்பிற் பசுபிக் தீவுகளுக்கு முதன்முதலாக அனுப்பப்பட்ட நால்வருள் ஒருவர் கணவர். நான்கு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் வட அமெரிக்கச் சமவெளியைக் கடந்த முன்னோடிகளுள் ஒருவர் மனைவி. இருவரும் நாட்குறிப்பு எழுதினர். இரண்டும் அழியாது எஞ்சின. அதனால், ஊழியத்துக்குச் சென்றவரின் கணக்கையும், அதன் செலவை வீட்டிலிருந்து செலுத்தியவரின் கணக்கையும் ஒருங்கே பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கின்றது.

மாலுமியும் ஆசிரியையும்

அடிசன் பிராட் 1802 ஆம் ஆண்டு நியூ ஹம்சயர் மாநிலத்தில் வின்செஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தேவாலயங்களுக்கு ஓகன் வாத்தியங்கள் செய்து கொடுப்பவர். மகனுக்கோ கடல்மீதே நாட்டம். இளமையிலேயே திமிங்கில வேட்டைக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்தார். 1822 ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் ஓவாகுவை அடைந்தபோது கப்பலை விட்டு நழுவிச் சில மாதங்கள் அங்கு வாழ்ந்தார். தீவினரின் மொழியிற் சிறிது கற்றுக்கொண்டார். இருபது வயது இளைஞனின் இந்தக் குறும்பு, பின்னொரு நாளில் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றப்போகின்றது என்பதை அன்று எவரும் அறிந்திருக்க இயலாது.

லூயிசா பார்ன்ஸ் அதே 1802 ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்து வாரிக் என்னும் ஊரிற் பிறந்தவர். சிறு வயதிற் பெற்றோருடன் கனடாவிற் குடியேறி வளர்ந்தவர். தையற் தொழிலும் ஆசிரியத் தொழிலும் பயின்று, மணமாகுமுன்னரே தம் உழைப்பில் வாழப் பழகியிருந்தார். 1831 ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. நியூ யோர்க் மாநிலத்தில் ஏரி வாவியின் கரையிலுள்ள றிப்லி என்னும் ஊரில் நிலம் வாங்கிப் பயிர் செய்தனர். எலன், பிரான்சஸ், லோயிஸ், ஆன் லூயிஸ் என நான்கு பெண்கள் பிறந்தனர்.

இவர்கள் தோன்றிய நியூ இங்கிலாந்துப் பகுதி, யாழ்ப்பாணத்தவர்க்கு முற்றும் அந்நியமானதன்று. 1816 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் ஊழியர்களை அனுப்பிவைத்ததும் அந்தப் பகுதியே. ஊர்தோறும் சமய எழுச்சிக் கூட்டங்கள் நடைபெற்ற காலம் அது. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1830 ஆம் ஆண்டு ஏப்பிரல் 6 ஆம் திகதி, நியூ யோர்க் மாநிலத்தில் யோசேப்பு ஸ்மித் என்னும் இளைஞர் ஒரு புதிய திருச்சபையை நிறுவினார். மோர்மன் நூல் என்னும் ஆகமத்தை அவர் வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். பழைய சபைகள் இவர்களை ஏற்கவில்லை. அயலவர் பகைத்தனர். மிசூரி மாநிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், மிசிசிப்பி ஆற்றங்கரையிலே நோவூ என்னும் நகரத்தை எழுப்பினர்.

லூயிசாவின் தங்கை கரோலைன் இத்திருச்சபையில் முன்னரே சேர்ந்திருந்தார். அவர் வழியாக 1838 ஆம் ஆண்டு பிராட் தம்பதியரும் ஞானஸ்நானம் பெற்றனர். 1841 ஆம் ஆண்டு நோவூவிற் குடியேறினர்.

திமிங்கிலப் பல்

1843 ஆம் ஆண்டு மே மாதம் அடிசன் பிராட் தம்மிடமிருந்த சில பொருட்களை நோவூவில் அமையவிருந்த ஒரு நூதனசாலைக்கு முதற் கொடையாக வழங்கினார். ஒரு திமிங்கிலப் பல், முருகைக்கல், அல்பற்றோஸ் என்னும் பெருங் கடற்பறவையின் சிறகெலும்பு, கடற்பன்றியின் தாடையெலும்பு முதலியன அவை. அவர் பழைய மாலுமி என்பதும், தீவு மக்களை நேரிற் கண்டவர் என்பதும் ஊரறிந்த செய்தியாயின. அதே மாதத்தில், பசுபிக் தீவுகளுக்குச் செல்லும் ஊழியராக அவர் நியமிக்கப்பட்டார். நோவா றொஜர்ஸ், பெஞ்சமின் குறுவார்ட், நோல்ற்றன் ஹாங்ஸ் என்னும் மூவர் உடன் செல்வோர்.

இந்நியமனத்தின் தன்மையை மாணவர்கள் நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் ஊழியர்களுக்கு அவர்களை அனுப்பிய சங்கம் ஆதரவளித்தது; அவர்களுட் பலர் மனைவியரோடு வந்தனர். மோர்மன் ஊழியருக்குச் சம்பளமில்லை. பயணச் செலவையும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். அல்லது அன்பர்களிடம் நன்கொடையாகப் பெறல் வேண்டும். மனைவி மக்கள் ஊரிலேயே தங்கிவிடுவர். 1853 ஆம் ஆண்டு இத்திருச்சபையின் ஊழியர் இருவர் நமது இலங்கைக்கும் வந்து, ஆதரவு கிட்டாமல் இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்களும் இம்முறையிலேயே பல்லாயிரம் மைல் கடந்து வந்தவர்கள்.

1843 யூன் மாதத் தொடக்கத்தில் அடிசன் பிராட் புறப்பட்டார். மூத்த மகளுக்கு அப்போது வயது 11; கடைக்குட்டிக்கு வயது 3. லூயிசாவுக்கு நாற்பது வயது நிறைந்திருந்தது. கணவர் திரும்பும் நாள் எதுவென எவரும் சொல்லவில்லை.

துபுவாய்த் தீவில்

அந்த ஒக்டோபர் மாதம் நியூ பெட்வேர்ட் துறைமுகத்திலிருந்து தீமோலியன் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் நால்வரும் ஏறினர். ஹாங்ஸ் ஏற்கெனவே சயரோகத்தால் வாடியவர். ஒரு மாதம் செல்லுமுன்னரே கப்பலில் இறந்தார். அவரது உடல் கடலில் அடக்கஞ் செய்யப்பட்டது. எஞ்சிய மூவரும் 1844 ஏப்பிரல் 30 ஆம் திகதி துபுவாய் என்னும் சிறு தீவைக் கண்டனர்.

துபுவாய், தாகித்திக்குத் தெற்கே ஏறத்தாழ 400 மைல் தொலைவிலுள்ளது. ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிச் சென்ற பவுண்டி கப்பலில் 1789 ஆம் ஆண்டு கலகஞ் செய்த மாலுமிகள், முதலிற் குடியேற முயன்று தோற்ற தீவு இதுவே. அதன் பின்னர் வெளியார் கொணர்ந்த நோய்களால் மக்கள் தொகை ஆயிரக்கணக்கிலிருந்து சில நூறாகச் சுருங்கிவிட்டது. லண்டன் மிசனரிச் சங்கத்தாரின் உழைப்பினால் தீவினர் ஏற்கெனவே கிறிஸ்தவராயிருந்தனர். தாகித்தி மொழியில் முழு விவிலியமும் 1838 ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. எனினும் தங்களோடு தங்கிக் கற்பிக்கும் போதகர் ஒருவர் அவர்களுக்கு இல்லை. ஆதலால் வந்தவர்களுள் ஒருவரேனும் தங்க வேண்டும் என்று தீவினர் வேண்டினர். ஹவாய் செல்லப் புறப்பட்ட அடிசன் பிராட் அங்கேயே இறங்கினார். மற்றிருவரும் தாகித்திக்குச் சென்றனர்.

இளமையிற் கற்ற ஹவாய் மொழி இப்போது கைகொடுத்தது. ஹவாய் மொழியும் தாகித்தி மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தீவினர் அவருக்கு வீடும் உணவும் அளித்தனர். அவரும் அவர்களோடு மீன் பிடித்து, வேட்டையாடி, அவர்கள் உண்டதை உண்டு வாழ்ந்தார். ஓராண்டு முடியுமுன்னரே சுமார் 60 பேர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். துவாமோத்துத் தீவுகளுள் ஒன்றான அனாவிற் குறுவார்ட் இதனினும் பெரிய வெற்றி கண்டார். 1846 செப்டெம்பர் மாதம் அங்கு கூடிய மாநாட்டிற் பத்துச் சபைகளையும் 866 அங்கத்தவரையும் அவர்கள் கணக்கிட்டனர். ஆங்கிலம் வழங்காத மக்களிடையே அத்திருச்சபை பெற்ற முதற் பெருவெற்றி இதுவாகும்.

திருச்சபையின் வரலாற்றில் அடிசன் பிராட் இடம் பெற்றது இதனாலேயே. அவர் எழுதிய பக்கங்களிற் கடலும் மீனும் பறவையும் மனிதரும் உயிரோடு உலாவுகின்றனர். தீவு வாழ்க்கை அவர் நெஞ்சுக்கு உகந்ததாயிருந்தது என்பதை வாசிப்போர் எளிதில் உணரலாம். ஆனால் வீட்டுக் கடிதங்களோ, அவ்வழி வரும் கப்பல்களின் தயவிலேயே வந்தன. மாதங்கள் பல கடந்தே ஒரு செய்தி எட்டும். எட்டும்போது அது பழங்கதையாகியிருக்கும்.

நோவூ விட்ட வழி

இனி, வீட்டின் கதையைப் பார்ப்போம்.

கணவர் சென்ற பின்னர் லூயிசா அம்மையார் ஒரு பலகை வீட்டைக் கட்டுவித்துக் குடியேறினார். தையல் வேலை செய்தார். வீட்டிலேயே பாடசாலை நடத்தினார். ஆனால் பணத்துக்குப் பஞ்சமான புதிய நகரத்திலே, கூலி பெரும்பாலும் பண்டமாகவே கிடைத்தது. அது நேரத்துக்குக் கிடைத்ததுமில்லை. 1844 யூன் 27 ஆம் திகதி, கார்த்தேஜ் நகரச் சிறையில் யோசேப்பு ஸ்மித்தும் அவர் தமையனார் ஹைறமும் கும்பலொன்றினாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். கணவரை அனுப்பிவைத்த தலைவரே மறைந்துவிட்டார். பகைமையோ தணியவில்லை. பிறிகாம் யங் என்பவரின் தலைமையில், 1846 பெப்ரவரி தொடக்கம் மக்கள் மேற்கு நோக்கி வெளியேறலாயினர்.

ஒரு நகரத்தார் அனைவரும் ஒரே வேளையில் வீட்டை விற்க முனைந்தால் விலை என்னவாகும்? பல நூறு டொலர் பெறுமதியான வீடு ஒரு சோடி எருதுக்கும் வண்டிக்கும் கைமாறியது. இந்நிலையில் லூயிசா அம்மையாரின் உள்ளத்தில் ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. தம் கணவரைப் பூமியின் மறுகோடிக்கு அனுப்பியவர்கள், தாமும் பிள்ளைகளும் எவ்வாறு புறப்படுவது என்பதை விசாரிக்க வேண்டாமோ? அவர் இதனைத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரிடம் சொன்னார். கிடைத்த மறுமொழி விநோதமானது. அவர் பிறர் உதவியின்றித் தாமே புறப்படவும், இயலுமாயின் மற்றவர்க்கு உதவவும் போதிய கெட்டிக்காரி என்றே எல்லாரும் எதிர்பார்க்கின்றனர் என்றார் அம்மனிதர். இது பாராட்டா, கைகழுவலா? அம்மையார் அதனை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார். தம்மால் ஆவதைக் காட்டுவதாக உறுதி பூண்டார். ஆயினும் அந்தச் சொல் அவர் நெஞ்சிற் தைத்ததென்பதற்கு, பல்லாண்டுகளின் பின்னரும் மறவாது அவர் அதனைப் பதிந்து வைத்திருப்பதே சான்று.

1846 இன் வசந்த காலத்தில், எருதுகள் பூட்டிய வண்டியில் நான்கு பெண்களுடன் அவர் நோவூவை விட்டார். மழையாற் சேறான ஐயோவாப் பாதை நெடுகிலும் வண்டிகள் புதைந்தன. மிசூரி ஆற்றங்கரையில் வின்ரர் குவாட்டர்ஸ் என்னும் பாசறையை அடைந்தபோது குளிர்காலம் தொடங்கிவிட்டது. ஐந்து டொலர் பொற்காசு ஒன்றைக் கொடுத்து, ஆள் வைத்து ஒரு மண்குடிசை அமைப்பித்தார். புற்றரையை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய சுவர். மேலே மரக்கொம்புகளும் புற்கட்டிகளும் பரப்பிய கூரை. அகலம் 10 அடி, நீளம் 12 அடி. ஐந்து பேருக்கு அதுவே வீடு.

அந்தப் பாசறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பச்சை மரக்கறியும் பழமும் கிடையாமையாற் பலருக்கு ஸ்கேவி என்னும் ஈறு வீக்க நோய் கண்டது. லூயிசா அம்மையாரும் குளிர் காய்ச்சலாலும் ஸ்கேவியாலும் வருந்தினார். நோயினாற் பற்களையும் இழந்தார். இத்தனைக்கும் நடுவிற் பாடசாலை நடத்துவதை அவர் கைவிடவில்லை. முதற் குழுவினர் 1847 யூலை 24 ஆம் திகதி சோல்ற் லேக் பள்ளத்தாக்கை அடைந்த செய்தி வந்தது. ஆயினும் பிரயாணத்துக்கு வேண்டிய உணவும் எருதும் சேர்த்து அவர் புறப்பட 1848 ஆம் ஆண்டாயிற்று. செப்டெம்பர் 20 ஆம் திகதியளவில் அவரது வண்டி பள்ளத்தாக்கினுள் இறங்கியது. நோவூவிலிருந்து அதுவரை கடந்த தூரம் ஏறத்தாழ 1,300 மைல்.

எட்டு நாட்களின் பின்னர்

அடிசன் பிராட் 1847 மார்ச் மாதம் தீவுகளை விட்டுப் புறப்பட்டு, யூன் மாதம் சான் பிரான்சிஸ்கோவை அடைந்திருந்தார். குடும்பம் அங்கு இல்லை. மலைகளில் உறைபனி பெய்யுமுன் கடப்பதற்கும் இயலாமற் போகவே, கலிபோர்ணியாவிற் குளிர்காலத்தைக் கழித்தார். 1848 சனவரியில் அமெரிக்கன் ஆற்றிற் தங்கம் காணப்பட்டது. அடுத்த ஆண்டில் உலகமே அந்த ஆற்றை நோக்கி ஓடியது. இவரோ 1848 கோடையில், படைச்சேவை முடித்த தம் மதத்தவர் சிலரோடு சேர்ந்து, சியேறா நெவாடா மலையிற் புதிய வண்டிப் பாதை வெட்டிக்கொண்டு எதிர்த் திசையிற் சென்றார்.

செப்டெம்பர் 28 ஆம் திகதி அவர் சோல்ற் லேக் வந்து சேர்ந்தார். மனைவி வந்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. கடல் வழியாகவும் தரை வழியாகவும் எதிரெதிர்த் திசைகளிற் சுற்றி வந்த இருவர், ஐந்தாண்டும் நான்கு மாதமும் கழிந்த பின்னர், இருவரும் முன்பு கண்டிராத ஓரிடத்திற் சந்தித்தனர். மூன்று வயதில் விட்டுச் சென்ற ஆன் லூயிசுக்கு இப்போது எட்டு வயது. எதிரில் நின்ற வெயிலிற் கறுத்த மனிதர் தன் தகப்பனார் என்பது அவளுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

மீண்டும் பிரிவு, மீண்டும் கடல்

இங்கே கதை மங்களகரமாக முடிந்திருக்கலாம். ஆனால் ஓராண்டே சென்றது. 1849 ஒக்டோபரில் அடிசன் பிராட் மறுபடியும் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அவருக்கும் அதில் விருப்பமே.

இம்முறை லூயிசா அம்மையார் வீட்டிற் காத்திருக்கவில்லை. ஊழியர் குடும்பங்களையும் அனுப்புவதென முடிவாகவே, 1850 மே மாதம் நான்கு மகளிருடனும், தங்கை கரோலைன் குடும்பத்தாருடனும் புறப்பட்டார். பாலைநிலத்தையும் சியேறா மலையையும் கடந்து சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார், அங்கிருந்து கப்பலேறினார். அந்த ஒக்டோபரின் பிற்பகுதியிற் துபுவாய்க் கரையில் இறங்கினார். தீவினர் திரண்டு வரவேற்றனர். கரையில் இல்லாதவர் ஒருவரே. அவர் அம்மையாரின் கணவர்!

நடந்தது இதுதான். 1842 ஆம் ஆண்டு தொடக்கம் தாகித்தி பிரான்சின் பாதுகாப்பின் கீழ் வந்திருந்தது. அமெரிக்கப் போதகர்களைச் சந்தேகக் கண்ணோடு நோக்கிய பிரெஞ்சு அதிகாரிகள், அடிசன் பிராட்டைத் தாகித்தியை விட்டு வெளியேற விடாமல் தடுத்து வைத்திருந்தனர். சுமார் மூன்று மாதங் கழித்து, 1851 சனவரியின் முடிவிலேயே அவர் துபுவாயை அடைந்தார். மலையும் கடலும் தாண்டி வந்த மனைவி, கணவரின் தீவிலே கணவருக்காகக் காத்திருந்தார்.

காத்திருந்த காலத்திலும் அவர் கைகட்டி இருக்கவில்லை. நாற்பத்தெட்டு வயதிற் புதுமொழி கற்பது எளிதன்று. மூத்த மகள் எலனோ அதனை விரைவிற் சரளமாகப் பேசினாள். மகளின் நாவைத் துணைக்கொண்டு, அம்மையார் தீவுப் பெண்களுக்குத் தையலும் பின்னலும் கற்பித்தார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். பெண்களுக்கெனத் தனிப் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தினார். நியமனம் பெற்றவர் கணவர். ஆனால் அந்த வீடுகளின் உட்புறத்தை அறிந்தவர் மனைவியே.

பிரெஞ்சு ஆட்சியின் கட்டுப்பாடுகள் வர வர இறுகின. 1852 ஆம் ஆண்டு குடும்பத்தினர் தீவுகளை விட்டுக் கலிபோர்ணியா திரும்பினர். அத்திருச்சபையின் அமெரிக்க ஊழியர் மறுபடியும் அங்கு கால்வைத்தது 1892 ஆம் ஆண்டிலாகும். நாற்பதாண்டு கழித்து வந்தவர்கள், துபுவாயிற் பழைய அங்கத்தவர் சிலர் தம் நம்பிக்கையை விடாது காத்திருந்ததைக் கண்டனர்.

ஒரே குடும்பம், இரு வழி

சான் பேர்னாடினோ என்னும் தென் கலிபோர்ணியக் குடியேற்றத்தில் ஐந்து ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. அங்கு அம்மையார் வீடும் தோட்டமும் அமைத்தார். 1857 ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் யூட்டாவுக்குப் படை அனுப்பியது. தொலைவிலுள்ள தம் மக்களைப் பிறிகாம் யங் திரும்பி வருமாறு அழைத்தார். 1858 இன் தொடக்கத்தில் லூயிசா அம்மையார் மறுபடியும் வீட்டை விட்டு வண்டியேறினார். அடிசன் பிராட் ஏறவில்லை.

ஒருகாலத்திற் சபைக்காக வீட்டைத் துறந்தவர், இப்போது சபையின் அழைப்பை ஏற்கவில்லை. அவரது பழைய உறுதி தளர்ந்திருந்தது. ஒருகாலத்திற் சபையார் தம்மை விசாரிக்கவில்லையென மனம் வருந்தியவரோ, இப்போது சபைக்காகக் கணவரையே பிரிந்தார். இருவருள் எவரையும் குற்றஞ் சாட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்த நீண்ட பிரிவுகளை எண்ணாமல் இந்த முடிவை விளங்கிக்கொள்ள இயலாது. தனித்தே முடிவு செய்யவும், தனித்தே வாழவும் இருவரையும் பழக்கியது முதற் பிரிவே எனலாம்.

அம்மையார் யூட்டாவில் பீவர் என்னும் ஊரிற் குடியேறினார். மகள் பிரான்சஸ் கலிபோர்ணியாவிலே தங்கினாள். தாயும் தந்தையும் இடையிற் சந்தித்தபோதிலும், ஒரே கூரையின் கீழ் நிலையாக மறுபடி வாழவில்லை. 1872 ஆம் ஆண்டு அனகைம் நகரில் அடிசன் பிராட் காலமானார். 1880 ஆம் ஆண்டு பீவரில் லூயிசா அம்மையார் கண்மூடினார். கணக்கிட்டுப் பார்ப்பின், நாற்பத்தொரு வருட மணவாழ்விற் பாதிக்கு மேல் இருவரும் வெவ்வேறு இடங்களிற் கழித்திருக்கின்றனர்.

இரு ஏடுகளையும் சேர்த்துப் படித்தல்

முதுமையில் அம்மையார் தம் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு வாழ்க்கை வரலாறொன்றை எழுதினார். கணவரின் நாட்குறிப்புகள் 1990 ஆம் ஆண்டிலும், அம்மையாரின் வரலாறு 1998 ஆம் ஆண்டிலும் நூல்வடிவம் பெற்றன. கணவரின் ஏடு மட்டும் எஞ்சியிருந்தால் நமக்கு ஒரு வீரரின் கதை கிடைத்திருக்கும். மனைவியின் ஏடு மட்டும் எஞ்சியிருந்தால் ஒரு கைவிடப்பட்ட பெண்ணின் கதையாக அதனைக் கொண்டிருப்போம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதோ, இரண்டும் முழுமையல்ல என்பது விளங்குகின்றது. அவர் கடமையைத் தட்டிக்கழித்து ஓடியவரல்லர். அம்மையாரும் வாய்மூடிக் கண்ணீர் விட்டவரல்லர். முறையிட்டார், கோபித்தார், பின்னர் வண்டியைப் பூட்டினார்.

உயர்ந்த நோக்கத்துக்காக ஒருவர் சத்தியஞ் செய்து புறப்படலாம். அது போற்றத்தக்கதே. ஆனால் அந்தச் சத்தியத்தின் விலையை அவர் ஒருவரே செலுத்துவதில்லை. வீட்டிலிருப்போரும், எதற்கும் சம்மதங் கேட்கப்படாத சிறு பிள்ளைகளுங்கூடச் செலுத்துகின்றனர். அனுப்புகின்றவர்களும் புறப்படுகின்றவர்களும் இதனை முதலிலேயே எண்ணிப் பார்த்தல் முறை. அதனை எண்ணாதார் தீயவர் என்பதில்லை. ஆனால் அவ்விலை பின்னர் எங்கோ ஓரிடத்திற் கேட்டு வாங்கப்படும் என்பதற்கு இக்குடும்பத்தின் கதை சாட்சி.

மாணவ வாசகர்கள் தம் முன்னோரைப் பற்றி எழுத முற்படும்போது இதனை நினைவிற் கொள்வார்களாக. வெளியூர் சென்ற பாட்டனாரின் கதையைக் கேட்டு எழுதுங்கள், அதனோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் வீட்டுச் செலவை நடத்தியவர் யார், கடிதம் வராத மாதங்களில் என்ன செய்தார்கள், அவர் திரும்பி வந்தபோது பிள்ளைகள் அவரை இனங்கண்டார்களா என்றும் கேளுங்கள். கேட்கத் தக்க வயதினர் வீட்டில் இருக்கும்போதே கேளுங்கள். ஐந்து டொலருக்குக் கட்டுவித்த, பத்தடிக்குப் பன்னிரண்டடி மண்குடிசையொன்றை இன்று நாம் அறிந்திருப்பது, அதில் வாழ்ந்த பெண்ணொருவர் அதன் அளவையும் விலையையும் எழுதி வைக்கத் தகுந்தவையெனக் கருதியதாலன்றோ?